துரையின் மகள்களை வளர்த்த எஸ்தர் அக்கா

மேடவாக்கத்தில் ஒரு வீட்டுத் தொழுவத்தில் பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். நீளக் கையுறை மாட்டிய வலது கை தோள்வரை உள்ளே இருந்தபோது பையிலிருந்த கைப்பேசி அடித்தது. அந்த வீட்டு அம்மாவே அதை எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தார். பேசியது ஏழுமலை. எஸ்தர் அக்காவின் மாடுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர்.

“டாக்டரம்மா, அக்கா பூட்டாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருந்தாங்க. அப்டியே செவுத்துல சாஞ்சி உக்காந்தாங்க. கூப்டா ஏந்திரிக்கல.”

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடு சினைதானா என்ற கவலை அவருக்கு. “சினைதாம்மா, நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். கையுறையைக் கழற்றாமலே வண்டியை நோக்கி நடந்தேன்.

மாடு வளர்க்கும் நம் வட்டாரத்தில் பலருக்கு அவரை ‘ரயில்வே அக்கா’ என்றுதான் தெரியும். தாம்பரத்தில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் வீடு, அகரம்தென் பக்கம் கொஞ்சம் நிலம், அதில் தொழுவம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் கஞ்சி போட்ட பருத்திப் புடவையோடே தொழுவத்துக்கு வந்து, கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு சாணி அள்ளுவார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சிவப்புச் சிந்தி மாடுகளை வைத்துக் கண்காட்சிகளில் அவர் வாங்கிய பரிசுகளை நீங்கள் அறிவீர்கள். அந்த மந்தை எப்படி உருவானது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதன்முதலில் அவர் ஒரு பசுவைக் கண்காட்சிக்குக் கொண்டுபோன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் அரசு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் மணி கட்டிக் கொண்டுவந்திருந்தார். நடுவர் அதை ஒருமுறை சுற்றிவந்தார். திமிலைத் தொட்டார். கழுத்துக்குக் கீழே தொங்கவேண்டிய அலைதாடியைப் பிடித்துப் பார்த்தார். பிடிக்க அங்கே அதிகம் இல்லை. “அம்மா, இது சிவப்பு மாடு. சிந்தி மாடு இல்ல” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவின் முகம் கறுத்துவிட்டது. மாட்டை அப்போதே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சில நாட்கள் கழித்து மருந்தகத்துக்கு வந்தார். அந்த நடுவரைப் பற்றிக் குறை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அவர் சொன்னது சரிதான் கலா. என் மாட்டுல எங்கயோ ஜெர்ஸி கலந்திருக்கு. வித்தவன் சொல்லல, நானும் பார்க்கத் தெரியாம வாங்கிட்டேன். இப்ப என்ன செய்யறது, அதைச் சொல்லு” என்றார்.

செய்வதற்கு அதிகம் இல்லை என்று சொன்னேன். இந்தப் பக்கத்தில் கிடைக்கும் சிந்திக் காளைகளின் சினை ஊசி எல்லாமே பால் அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. அதோடு, அந்தக் காளைகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய ரத்த சொந்தம். பழைய சிந்தியின் உடற்கட்டு அவற்றில் மங்கிப்போயிருந்தது.

“அப்போ பழைய காளையே வேணும்” என்றார்.

“பழைய காளை செத்துப்போயிருக்கும்க்கா.”

“காளை செத்தா என்ன? ஊசி இருக்குமில்ல?”

அவர் கேட்டது வேடிக்கையான கேள்வி அல்ல. காளையின் விந்தை ‘ஸ்ட்ரா’ என்று நாங்கள் சொல்லும் மெல்லிய குழல்களில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டால், நைட்ரஜன் வற்றாமல் பார்த்துக்கொள்ளும்வரை அது கெடாது. காளை மண்ணோடு மண்ணாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அதற்குக் கன்று பிறக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்குப் போன ஓர் உறைவிந்துக் கிடங்கில், துரை என்ற சிந்திக் காளையின் ஸ்ட்ராக்கள் ஒரு கேனின் அடியில் கிடந்தன. அந்தக் காளையை உயிரோடு பார்த்த ஊழியர்கள் அப்போதே ஓய்வு பெறும் வயதில் இருந்தார்கள். அதன் மகள்கள் கறக்கும் பால் இன்றைய கணக்குக்குக் குறைவு என்பதால் யாரும் அதைக் கேட்டு வரவில்லை. இதை நான் அக்காவிடம் சொன்னேன்.

அதன் பிறகு அவர் அந்தக் கிடங்குக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. அங்கிருந்த அதிகாரி நல்லவர்தான். ஆனால் கேட்டதும் எடுத்துக் கொடுக்க அவருக்கும் வழி இல்லை. அக்கா கோபப்படவில்லை, யாரிடமும் சிபாரிசுக்குப் போகவில்லை. அலுவலகத்தில் விடுப்புப் போட்டுவிட்டுப் போவார், வராந்தாவில் உட்காருவார், மதியம் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோறு சாப்பிடுவார், திரும்பி வருவார். பழைய இருப்பைக் கழித்துவிடலாம் என்ற முடிவு அங்கே வந்தபோது, வீசி எறிவதற்குப் பதில் முறைப்படி இவருக்குக் கொடுக்கலாமே என்று அந்த அதிகாரிக்கே தோன்றிவிட்டது.

ஸ்ட்ராக்கள் வந்ததும் முதலில் நுண்ணோக்கியில் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். அசைவே இல்லை. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இல்லை. அக்கா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்ததில் ஒரு மூலையில் சில உயிரணுக்கள் துடித்தன. குவியத்தைச் சரிசெய்தபோது நிறையவே நீந்திக்கொண்டிருந்தன. எழுந்து அவருக்கு இடம் விட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“ஓடுது கலா” என்றார். “இத்தனை வருஷம் கழிச்சும் எங்கயோ போகணும்னு ஓடுது.”

ஓடியது உண்மை. ஆனால் மாடுகள் சினை பிடிக்கவில்லை. நல்ல சிந்திப் பசுக்களாகத் தேடி வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் பருவத்துக்கு வரும்போது ஊசி போடுவேன். அடுத்த சுற்றிலேயே அது மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். ஏழுமலைக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. “செத்த மாட்டாண்ட கன்னு கேட்டுகினு கீறியேக்கா, அது குடுக்குமா?” என்று ஒருநாள் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அக்கா சிரித்தார். “கேட்டாத்தான் குடுக்கும் ஏழுமலை.”

ஒரு மழைக்காலத்தில் முதல் கன்று பிறந்தது. கிடாரி. ஈரம் காய்ந்ததும் அதன் நிறத்தை நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். செங்கல் நிறமல்ல, நன்றாகச் சுட்ட மண்பானையின் அடிப்புறம் போன்ற ஆழ்ந்த சிவப்பு. பிறந்த கன்றுக்கே கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அக்கா அதற்கு ரூத் என்று பெயர் வைத்தார். அதன் பின் நகோமி, லேயாள், தெபோராள் என்று தங்கைகள் பிறந்தன. துரையின் மகள்கள் அந்தத் தொழுவத்தை நிறைத்தன. ரூத் வளர்ந்து கண்காட்சிக்குப் போனபோது சிரிக்க யாரும் இல்லை. சுற்றி நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த ஆண்டும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் முதல் பரிசு அகரம்தென்னுக்குத்தான் வந்தது.

அடுத்து நடந்தது சிலருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. பரிசு வாங்கிய பிறகு ஆலோசனை சொல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மிஞ்சியிருக்கும் ஸ்ட்ராவைத் துரையின் மகள்களுக்கே போடுங்கள், அப்பனும் மகளும் சேர்ந்தால் அந்த உருவம் அப்படியே அச்சில் வார்த்ததுபோல் நின்றுவிடும், அப்புறம் உங்களை அடிக்க ஆளே இருக்காது என்றார்கள். கண்காட்சி மாடு வளர்ப்பவர்கள் சிலர் அப்படிச் செய்வதுண்டு. நான் வேண்டாம் என்றேன். நல்லது இரட்டிப்பாகும்போது மறைந்திருக்கும் கெட்டதும் இரட்டிப்பாகும் என்று சொன்னேன். அக்கா யோசித்தார். பிறகு, “ஒரே ஒரு தடவை” என்றார்.

ரூத்துக்குத்தான் போட்டோம். காளைக்கன்று பிறந்தது. அவ்வளவு அழகான கன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எழுந்து நின்று தாயின் மடியைத் தேடிப்போய்க் காம்பைக் கவ்வியது. சீம்பால் அதன் மூக்கு வழியாக வெளியே வந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். மேலண்ணம் நடுவில் பிளந்திருந்தது.

கருணைக் கொலை செய்துவிடலாம் என்று சொன்னேன். அக்கா கேட்கவில்லை. அதன் வயிற்றுக்குக் குழாய் விட்டுப் பால் ஊற்றக் கற்றுக்கொண்டார். அலுவலகத்துக்குப் போகவில்லை, ஆலயத்துக்கும் போகவில்லை. தும்மினால்கூடப் பால் நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால் அதன் தலையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அப்படியும் மூச்சு இரைக்கத் தொடங்கியது. மருந்துக்கும் அது அடங்கவில்லை. ஒரு காலையில் அது அவர் மடியிலேயே அடங்கியது.

வேலியோரம் ஏழுமலை குழி வெட்டினார். மண்ணைத் தள்ளி முடித்ததும் நான், இது யாருக்கும் நடக்கக்கூடியதுதான், ஒருவிதப் பிறவி நோய் என்று ஆறுதலாக ஏதோ சொன்னேன்.

“நோய் இல்ல கலா” என்றார். “இது என் ஆசை. அந்தக் கன்னு வாயில பொளந்து தெரிஞ்சது என் ஆசைதான். நோய்னு சொல்லி என்னைத் தப்பிக்க விடாத.”

அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

அந்த மாதமே என்னைக் கூட்டிக்கொண்டு கேளம்பாக்கம் போனார். போகும்வரை எதற்கு என்று சொல்லவில்லை. ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து, நைட்ரஜன் கேனைத் துணியில் சுற்றிக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, வண்டலூர்ச் சாலை வழியாக வந்தார். நாங்கள் போய் நின்றது தனசேகர் அண்ணன் வீட்டு வாசலில். கண்காட்சியில் எப்போதும் இரண்டாம் பரிசு வாங்குகிறவர் அவர். ‘ரயில்வே அம்மா பரிசை டிக்கெட் எடுத்து வாங்குது’ என்று அக்காவின் காதில் விழும்படியே பேசியவர். அவரிடம் வடக்கிலிருந்து வாங்கிவந்த சிந்திப் பசுக்கள் இருந்தன. துரையின் ரத்தம் கலக்காதவை.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “துரையோட ஸ்ட்ரா மிச்சம் இருக்கறது எல்லாம் இதுல இருக்கு. உங்க மாட்டுக்குப் போடுங்க” என்றார்.

தனசேகர் அண்ணன் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னாக்கா, கெட்டுப்போனத என் தலைல கட்றியா?”

“கெட்டிருந்தா இதோ டாக்டர் இருக்காங்க, இங்கயே பார்த்துச் சொல்லட்டும்.”

“அப்ப எதுக்கு எனக்குக் குடுக்கற? அடுத்த வருசம் நானே உன்ன ஜெயிச்சுடுவேன், தெரியுமில்ல?”

“தெரியும். என் மாடுங்க எல்லாம் அதுக்குப் பொண்ணுங்க. இனிமே என் தொழுவத்துல அதுக்கு வேலை இல்ல. என்கிட்ட இடம் இல்லன்றதுக்காக அது முடிஞ்சுபோகணுமா?”

தனசேகர் அண்ணன் உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார். பிறகு தயங்கிக்கொண்டே, “எவ்ளோக்கா தரணும்?” என்றார்.

“ஒண்ணும் வேணாம். காளைக்கன்னு பொறந்தா அறுப்புக்கு மட்டும் வித்துடாதீங்க.”

திரும்பி வரும்போது அவர் காலிடுக்கு காலியாக இருந்தது. தன் மாடுகளுக்காக அவர் வேறொரு பழைய காளையைத் தேடிப்பிடித்தார். அதுவும் செத்துப்போன காளைதான். ஆனால் துரையளவு தோற்றம் இல்லை. திமில் சிறியது, கொம்பு சீராக வராது. அதைப் போட்டால் கண்காட்சியில் ஒரு தலைமுறைக்குப் பின்தங்கிவிடுவோம் என்று எச்சரித்தேன். “போவோம். காலும் மடியும் நல்லா இருக்கு, சொந்தம் இல்ல. கொஞ்சம் பின்னாடி போயி வருவோம்” என்றார்.

அப்படியே ஆயிற்று. தனசேகர் அண்ணனின் கிடாரி வளர்ந்து வந்த ஆண்டில் அக்காவின் கிடாரி மூன்றாவதாக நின்றது. முதல் பரிசு அறிவித்ததும் தனசேகர் அண்ணன் கயிற்றோடு நேராக அக்காவிடம் வந்தார். அத்தனை பேர் முன்னால் அதை நீட்டி, “இது உன் மாடுக்கா. நீயே ஒரு ரவுண்டு இட்டுகினு போ” என்றார்.

அக்கா கயிற்றை வாங்கவில்லை. “வளர்த்தது நீங்க. நீங்களே இட்டுட்டுப் போங்க” என்றார். அவர் மாட்டோடு சுற்றி வரும்வரை நின்று கைதட்டினார். எல்லோரும் அக்காவின் பெருந்தன்மையைப் பேசினார்கள். திரும்பும் வழியில் வண்டியின் முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, “வலிக்குது கலா. வலிக்கலன்னு சொன்னா பொய்” என்றார். உடனே, “ஆனா அந்தக் கிடாரி என்ன அழகு, பார்த்தியா?” என்றார். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய இன்னொருவரை நான் சந்தித்ததில்லை.

அந்த இரண்டாவது காளையின் பேத்திகள் இப்போதுதான் வளர்ந்து வருகின்றன. நல்ல கால்கள், நல்ல மடி. துரையின் சிவப்பும் அவற்றில் தங்கியிருக்கிறது. வரும் கண்காட்சிக்கு அவற்றில் ஒன்றைக் கொண்டுபோக நினைத்திருந்தார்.

அடக்க ஆராதனைக்குத் தாம்பரம் ஆலயம் நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் பாடகர் குழுவினரும் ரயில்வே நண்பர்களும். மறுபக்கம் மாடு வளர்ப்பவர்கள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனசேகர் அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி நல்ல மனிதர். ஆனால் அவருக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. உடனே விற்றுவிடத்தான் நினைத்தார். பக்கத்து நிலமெல்லாம் அடுக்குமாடியாகிவிட்ட இடத்தில் தொழுவத்தை யார் நடத்துவது என்று அவர் கேட்டதில் தவறில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்தபோது தனசேகர் அண்ணன் அவரிடம் போய் நின்றார்.

“தனித்தனியா விக்காத சார். ஒண்ணா குடு, நான் வெச்சிக்கறேன். எங்க மாடுங்களோட கலக்க மாட்டேன். அக்கா மாடுங்க தனித் தொழுவமாவே இருக்கும். ஏழுமலையும் எங்கூட வந்துடட்டும். எதுக்கு எத சேக்கணும்னு டாக்டரம்மா சொல்வாங்க, அத கேப்பேன்.”

இப்போது அந்த மாடுகள் கேளம்பாக்கத்தில் இருக்கின்றன. போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம், அண்ணன் சந்தோஷப்படுவார்.

எனக்கென்று அக்காவிடமிருந்து தங்கியிருப்பது ஒரு பழக்கம். கண்காட்சி மாடு காட்டுகிறவர்கள் முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி, தலையைத் தூக்கிப் பிடித்து, குறை தெரியாதபடி நிறுத்திக் காட்டுவார்கள். அக்கா அப்படி நிறுத்திய மாட்டைப் பார்க்கவே மாட்டார். “கயித்தை விடுங்க. நாம பார்க்கறோம்னு அது மறக்கட்டும்” என்பார். அது மறக்கும்வரை, வேறு வேலை இருப்பவர்போல் ஒதுங்கி நின்றுவிடுவார்.

போன வாரம் மாடம்பாக்கத்தில் ஒருவர் தன் கிடாரியைப் பளபளப்பாகத் தேய்த்து நிறுத்திவைத்து, “எப்படி இருக்கு டாக்டர்?” என்று கேட்டார். கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னேன். அது கொஞ்ச நேரம் மிரண்டு நின்றது. என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திப் புல்லை மோந்துகொண்டே தன் போக்கில் நடக்கத் தொடங்கியது. அவர் பொறுமையிழந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இருங்க” என்றேன்.

நான் சொன்னதுதான், ஆனால் குரல் அக்காவுடையதாக இருந்தது.